கணக்கும் ஆறும் ஒத்துப்போகாத அன்று

அறிவியல் மென்பொருள் எழுதுகிறவர்கள் கிளவுடை எப்படிச் சரியாகப் பயன்படுத்துவது என்று, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் பேசச் சொன்னார்கள். எவ்வளவு பெரிய மெஷின் எடுக்க வேண்டும், எப்போது விட்டுவிட வேண்டும், கோப்புகளை எங்கே வைக்க வேண்டும் என்பதையெல்லாம் ஜாபர் உங்களுக்குச் சொல்லித் தருவார். என்னைவிட நன்றாகவே சொல்வார். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் நான் அதில் வாயைக் கொடுத்தால் பழைய கட்டளைகளைச் சொல்லிக் குழப்பிவிடுவேன். அதனால் ஒரே ஒரு பிற்பகலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஹெலன் இறந்து பல மாதங்கள் கழித்து, ஹெலனிடமிருந்து ஜாபருக்குப் போன் வந்த பிற்பகல் அது.

ஹெலனை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். கடலூர் முதுநகர்ப் பெண். என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். சிதம்பரம் கீழவீதிக்குப் பின்னால் ஒரு வாடகை மாடியில் எங்கள் குழு இயங்கிய காலத்தில் வந்து சேர்ந்தார். எங்கள் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். வெள்ளம் வந்தால் கடலூர்க் கரையிலும், பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேரும் இடத்திலும் தண்ணீர் எதுவரை ஏறும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருள், மாடல் என்போம். ஹெலன் வருவதற்கு முன்பு அதை அலுவலகக் கம்ப்யூட்டர் ஒன்றில் ஓட்டிக்கொண்டிருந்தோம். புயல் கரையைக் கடந்து, மரம் விழுந்து, கரண்ட் போய், எல்லாம் முடிந்த பிறகு எங்கள் விடை வரும்.

ஹெலன்தான் அதைக் கிளவுடுக்கு, அதாவது தூரத்துக் கட்டடங்களில் வாடகைக்குக் கிடைக்கும் மெஷின்களுக்கு, கொண்டுபோனார். மழை பலத்தால் நூறு மெஷின்களை ஒரே நேரத்தில் எழுப்புவார். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கூடக்குறைய மழை, கொஞ்சம் கூடக்குறைய அலை. நாங்கள் டீ குடித்துவிட்டு மாடியேறுவதற்குள் நூறு விடைகளும் வந்திருக்கும். நூறு மெஷின்களையும் கலைத்துவிடுவார். மழை இல்லாத நாட்களில் அவருடைய திரையில் எதுவுமே ஓடாது. தேவைப்படும்போது ஊரையே கூட்டு, வேலை முடிந்ததும் அனுப்பிவிடு என்பது அவருடைய முறை. இன்றைக்கும் இதற்கு மேல் ஒரு முறை இல்லை.

ஆனால் அந்த நூறு விடைகளும் ஒன்றுபோல வரும்போது நாங்கள் சந்தோஷப்பட்டால், அவர் முகம் மட்டும் மாறாது.

“நூறு மெஷினும் ஒரே மாடலத்தான ஓட்டுது சார்? மாடல்ல ஒரு தப்பு இருந்துச்சுன்னா நூறும் அதே தப்பத்தான் பண்ணும். நமக்கு மட்டும் நூறு பேரு சாட்சி சொன்ன மாதிரி இருக்கும்” என்பார்.

அந்தப் பங்குனியில் காய்ச்சல் என்று லீவு போட்டார். மறு வாரம் முதுநகர்க் கல்லறையில் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தோம். அவருடைய கணவர் பிரபாகர், பள்ளிக்கூட ஆசிரியர், கடைசி ஆளாக மண் போட்டார்.

கோடையில் எங்கள் குழு பெரிதானது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் தலைமை அலுவலகம் வந்தது, புதிய இயக்குநர் வந்தார், புதிய கிளவுட் கணக்கு வந்தது. பழைய கணக்கில் ஓடுவதையெல்லாம் நிறுத்தச் சொன்னார்கள், ஜாபர் திரையில் தெரிந்ததையெல்லாம் நிறுத்தினார். மாடலும் புதிதாக எழுதப்பட்டது. ஆற்றங்கரையில் ஹெலன் பொருத்தியிருந்த நீர்மட்டக் கருவி சேற்றில் மாட்டிக்கொண்டு அவ்வப்போது தாறுமாறான எண்களை அனுப்பும் என்பதால், புதிய மாடலில் அதைச் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டாம் என்றவர் இயக்குநர். அது முட்டாள்தனமான முடிவு என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

ஐப்பசி பிறந்து மேற்கே இரண்டு நாளாக மழை. சிதம்பரத்தில் ஒரு சொட்டு இல்லை. வானம் மட்டும் ஈயப் பாத்திரத்தைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை. ஜாபர் தொழுகைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவர், உள்ளே வராமல் கதவருகிலேயே நின்றார். கையில் போன். ஜாபர் பரங்கிப்பேட்டைக்காரர். நன்றாகப் பேசக்கூடிய ஆள். அன்று போனை மட்டும் என் பக்கம் நீட்டினார்.

“சார், ஹெலன் மேடம் போன் பண்ணாங்க.”

“எந்த ஹெலன்?”

“நம்ம ஹெலன் மேடம். ‘ஜாபர், நான் ஹெலன் பேசுறேன்’னு சொன்னாங்க. அவுங்க குரலுதான் சார். நான் வெச்சிட்டேன்.”

ஏதோ பழைய பதிவை யாரோ அனுப்பியிருப்பார்கள் என்றேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். “என் பேரச் சொன்னாங்க சார். மௌத்தானவங்க என் பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க.”

நான் பதில் சொல்வதற்குள் என் போன் அடித்தது. ஆற்றுமுகத்துக் குப்பத்திலிருந்து கஸ்தூரி. அந்தக் குப்பத்தின் வார்டு மெம்பர், மீனுக்கு ஐஸ் விற்கிற கடை வைத்திருப்பவர். கருவி பொருத்தப் போன நாட்களில் ஹெலனுக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு. எடுத்ததுமே கத்தினார்.

“இன்னா சார் பண்றீங்க நீங்கல்லாம்? செத்துப்போன பொண்ணு குரல வெச்சு வெளையாடுறீங்களா? ‘கஸ்தூரி அக்கா, நான் ஹெலன் பேசுறேன்’னுது. எனக்கு மட்டும் இல்ல, இங்க ஏழெட்டு வூட்டுக்கு வந்துருக்குது. எங்க மாமா போனத் தூக்கித் தண்ணியில வீசிட்டாரு. பொம்பளைங்கல்லாம் சூடம் ஏத்திக்கிட்டு நிக்கிறாங்க. மறுபடி மறுபடி வருது சார்!”

வெயில் இல்லாத அந்தப் பிற்பகலில், எழுந்து மின்விசிறியை நிறுத்தினேன். பேய், பிசாசில் நம்பிக்கை இல்லாதவன்தான். ஆனாலும் ஒரு குரல் ஏழெட்டு வீட்டு ஆட்களையும் தனித்தனியாகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறது என்றால், அதை எந்த மூளையை வைத்து யோசிப்பது என்று தெரியவில்லை.

அடுத்த போன் மஞ்சக்குப்பத்திலிருந்து. இயக்குநர். குப்பத்திலிருந்து யாரோ ஊராட்சியில் சொல்லி, அது மேலே போய், அங்கிருந்து அவரிடம் கேட்டிருக்கிறார்கள்.

“வெள்ளம் வருதுன்னு நம்ம ஆபீஸ்லேர்ந்து போன் போவுதாம். நம்ம மாடல் என்ன சொல்லுது? மாடல நூறு தடவ ஓட்டி நூறு ரன் போட்டிருக்கோம், நூறுலயும் தண்ணி கரைக்குள்ளதான் இருக்கு. அரசு அறிக்கையிலயும் ஒண்ணும் இல்ல. வதந்தி பரப்புனோம்னு நம்ம மேல கேஸ் போட்டுருவாங்க. அது எங்க ஓடுதுன்னு பாத்து ஒடனே நிறுத்துங்க.”

தேட ஆரம்பித்தோம். பழைய கிளவுட் கணக்குக்குள் நுழைந்தார் ஜாபர். மும்பைத் திரை காலியாக இருந்தது. எங்கள் வேலைகளெல்லாம் மும்பையில் இருக்கும் கட்டடத்தில்தான் எப்போதும் ஓடும். ஒரு ஊரைத் திறந்தால் அந்த ஊரில் ஓடுவது மட்டும்தான் திரையில் தெரியும். அங்கே ஒன்றுமே இல்லை. ஆனால் போன் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. ஜாபர் சும்மா இருக்க முடியாமல் திரையின் மேல்மூலையில் ஊரை மாற்றினார். ஹைதராபாத், காலி. டோக்கியோ, காலி. உலகத்தில் எந்தெந்த ஊரிலெல்லாம் கட்டடம் இருக்கிறதோ ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஆள் இல்லாத தெருவில் வீடு வீடாகக் கதவைத் தள்ளிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

சிங்கப்பூரில் ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

இருப்பதிலேயே சின்ன மெஷின். இங்கே புயல் அடித்தாலும், மும்பையில் ஏதாவது ஆனாலும், அது மட்டும் விழித்திருக்க வேண்டும் என்று ஹெலன் தூரத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். யாரிடமாவது சொல்ல நினைத்திருப்பார், அதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. அந்த மெஷின் செலவு பில்லில் கண்ணுக்கே தெரியாத அளவு என்பதால் யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

ஜாபர் அதன் பதிவைத் திறந்தார். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு வரி. தமிழில். ‘சரி.’ அதற்குக் கீழே ‘சரி.’ அதற்குக் கீழே ‘சரி.’ ஜாபர் மேலே உருட்டிக்கொண்டே போனார். ஐப்பசி, புரட்டாசி, ஆவணி, ஆடி. ஹெலனை மண்ணில் வைத்துவிட்டு நாங்கள் வேனில் திரும்பிக்கொண்டிருந்த அந்த மணியிலும் ஒரு ‘சரி’ இருந்தது. யாருக்காகவோ, யாரும் பார்க்காத இடத்தில், ஒவ்வொரு மணியும் அது எழுந்து எதையோ பார்த்துவிட்டு ‘சரி’ என்று எழுதிவிட்டுப் படுத்திருக்கிறது. போன் குரலைக் கேட்டபோது வராத பயம் அந்த வரிகளைப் பார்த்தபோது எனக்கு வந்தது.

கடைசிக்கு வந்தார். அன்று மதியத்திலிருந்து வரி மாறியிருந்தது. ‘சரியில்லை.’

“நிறுத்திடறேன் சார்” என்றார் ஜாபர். அழித்துவிடவா என்று திரை கேட்டது. அவர் விரல் அந்தப் பொத்தானுக்கு மேலே இருந்தது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“இரு ஜாபர். அது என்னதான் சொல்லுது?”

“பேரச் சொல்லுது சார்.”

“பேரச் சொன்னதுக்கப்புறம்?”

ஜாபர் என்னைப் பார்த்தார். “தெரியல சார். நான் வெச்சிட்டேனே.”

கஸ்தூரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவரும் பேரைக் கேட்டதும் கட் பண்ணிவிட்டார். பக்கத்து வீட்டில் கேட்கச் சொன்னேன். அங்கேயும் அப்படித்தான். வெள்ளம் வருகிறது என்று குரல் சொன்னதாக ஊரெல்லாம் பேச்சு. ஆனால் அப்படிச் சொன்னதைக் காதால் கேட்ட ஒரு ஆள் அகப்படவில்லை. செத்துப்போனவர் பேர் சொல்லிக் கூப்பிட்டால், மீதியைக் கேட்க யார் போனைக் காதில் வைத்துக்கொண்டிருப்பார்கள்?

ஒருவர் இருந்தார். அவரே கூப்பிட்டார். பிரபாகர். மஞ்சக்குப்பம் மைதானத்துப் பக்கம் அவர் பள்ளிக்கூடம். பின்னால் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டது. அவர் குரல் மட்டும் மிகவும் நிதானமாக இருந்தது.

“சார், ஹெலன் பேசுறா. அத நீங்க நிறுத்திடுவீங்களோன்னுதான் போன் பண்ணேன்.”

“நீங்க முழுசா கேட்டீங்களா சார்?”

“வர்றப்பல்லாம் முழுசா கேட்டேன். கிளாஸ விட்டுட்டு வெளிய வந்து நின்னு கேட்டேன்.”

“என்ன சொல்றாங்க? அப்படியே சொல்லுங்க.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்.

“ ‘பிரபா, நான் ஹெலன் பேசுறேன். நான் போட்ட கணக்கும் ஆத்துல இருக்கிற தண்ணியும் ஒத்துப்போவல. கணக்கு தப்பா, கருவி தப்பான்னு எனக்குத் தெரியல. யாராவது நேர்ல போயி முகத்துவாரத்தப் பாருங்க. பாத்துட்டீங்கன்னா ஒண்ண அமுக்குங்க. அதுவரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன்.’ அவ்ளோதான் சார்.”

வெள்ளம் என்ற சொல்லே அதில் இல்லை.

“நான் ஒண்ண அமுக்கல சார்” என்றார் பிரபாகர். “நான்தான் ஆத்தப் பாக்கலையே.”

அந்தச் சின்ன மெஷின் என்ன செய்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அது வெள்ளத்தை முன்கூட்டிச் சொல்கிற மெஷின் இல்லை. தன்னுடைய கணக்கையே சந்தேகப்படுகிற மெஷின். மணிக்கொரு முறை, ஆற்றில் இவ்வளவு தண்ணீர் இருக்க வேண்டும் என்று கணக்குப் போடும். கருவி சொல்லும் எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும். இரண்டும் நெருங்கி இருந்தால் ‘சரி’. விலகி, விலகியபடியே நின்றால் மனிதர்களைக் கூப்பிடும். பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான், விளம்பரம் என்று நினைத்துப் போனை வைத்துவிட மாட்டார்கள் என்று ஒவ்வொருவர் பேரையும் தனித்தனியாகத் தன் குரலில் பதிந்து வைத்திருந்தார் ஹெலன். தான் இருக்க மாட்டோம் என்பது அந்த ஏற்பாட்டில் சேரவில்லை.

இயக்குநர் மறுபடியும் அழைத்தார். நிறுத்தியாச்சா என்று கேட்டார். இல்லை என்றேன். கருவியின் எண் மதியத்திலிருந்து ஏறிக்கொண்டே போகிறது என்றும், நாங்கள் நேரில் போய்ப் பார்க்கப் போகிறோம் என்றும் சொன்னேன்.

“அது பொய் சொல்ற கருவின்னுதான சேக்காம விட்டோம்?”

“இருக்கலாம் சார். பொய்யா இருந்தா அங்கேர்ந்தே நிறுத்தறேன். எது நடந்தாலும் என் பேர எழுதிக்கங்க.”

அவர் “இருட்டுறதுக்குள்ள சொல்லுங்க” என்று வைத்துவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நூறு ரன்னும் ஒரே பக்கம் இருக்கும்போது, சேற்றில் நிற்கும் ஒரு கருவியை நம்பு என்று எந்தப் புத்தகமும் சொல்லாது.

ஜாபரின் காரில் கிளம்பினோம். முட்லூர் தாண்டியதும் அவர் போன் அடித்தது. காரை ஓரம் கட்டி, என்னைப் பார்த்துவிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

“ஜாபர், நான் ஹெலன் பேசுறேன்.” பேருக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நூலிழை இடைவெளி இருந்தது. மீதியெல்லாம் அவரேதான். ஒவ்வொரு வாக்கியத்தையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்கிற பழக்கம், ‘முகத்துவாரம்’ என்பதில் கொஞ்சம் தடுக்குவது. “அதுவரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே இருப்பேன்” என்றதும் ஜாபர், “போய்க்கிட்டே இருக்கோம் மேடம்” என்றார். சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டு வண்டியை எடுத்தார்.

பரங்கிப்பேட்டையைக் கடந்து கரைக்குப் போனோம். காற்றே இல்லை. ஒரு காக்கையின் சத்தம் கூட இல்லை. வற்றம், கடல் தணிந்து தண்ணீர் இறங்குகிற நேரம் அது. அந்த நேரத்தில் ஆறு கடலை நோக்கி இழுத்துக்கொண்டு போக வேண்டும், கரையோரம் சேறு தெரிய வேண்டும். நாங்கள் பார்த்தபோது தண்ணீர் அசையாமல் நின்றது. குளம் மாதிரி, தட்டில் ஊற்றிவைத்த மாதிரி நின்றது. அதன் மேலே வைக்கோலும் வாழைமட்டையும் ஒரு செத்த கோழியும் எந்தப் பக்கமும் போகாமல் மிதந்தன. கட்டிப் போட்டிருந்த படகுகள் ரோட்டு மட்டத்துக்கு உயர்ந்திருந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைப்படியில் ஒன்று ஓசையில்லாமல் தண்ணீருக்குள் போனது.

ஜாபர் சின்ன வயதில் அந்த ஆற்றில் குதித்து வளர்ந்தவர். செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டில் ஏறிக் கடல் பக்கம் பார்த்தார். கீழே இறங்கும்போது அவர் முகம் வேறாக இருந்தது.

“சார், வாய் மூடியிருக்கு. ஒரு கரையிலேர்ந்து இன்னொரு கரைக்கு மணல்ல நடந்தே போவலாம்.”

கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை அடைத்திருக்கிறது. மேற்கே பெய்த மழைத் தண்ணீரெல்லாம் சேத்தியாத்தோப்பு தாண்டி வந்து, போக இடமில்லாமல் மணலுக்குப் பின்னால் தேங்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் நூறு ரன்னிலும் முகத்துவாரம் போன வருஷத்து அளவில் அகலமாகத் திறந்திருந்தது. நூறு ஆறும் நிம்மதியாகக் கடலில் கலந்துகொண்டிருந்தன. மணல் அடைத்தது குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும். மழையே இல்லாத ஊரில் அது ஆபத்து என்று யாருக்கும் படவில்லை. மேற்கே பெய்த மழை எவ்வளவு என்பது எங்களுக்குத் தெரியும். மணல் எங்களுக்குத் தெரியாது.

இயக்குநரை அங்கிருந்தே அழைத்துப் போனில் படத்தைக் காட்டினேன். அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் வேலை செய்த வேகத்தை நான் மறக்க மாட்டேன். மணலை வெட்டிவிடப் பொக்லைன் கிளம்பியது, புயல் பாதுகாப்புக் கட்டடத்தைத் திறக்க ஆள் வந்தது.

கஷ்டமெல்லாம் குப்பத்தில்தான். கஸ்தூரி எங்களை வாசலில் நிறுத்தி வைத்துப் பேசினார்.

“மழ இல்ல, காத்து இல்ல, எதுக்கு சார் வூட்ட வுட்டுட்டுப் போவணும்? அந்தப் பொண்ணு செத்தும் எங்கள சும்மா வுட மாட்டேங்குதே.”

“அக்கா, ஒரு தடவ முழுசா கேளுங்க” என்றார் ஜாபர். “நாங்களும் கேக்காமதான் வெச்சோம்.”

அவர் கேட்கத் தயாராக இல்லை. ஆனால் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய போன் அடித்தது. சுற்றி நின்ற பெண்கள் ரெண்டு அடி பின்னால் போனார்கள். கஸ்தூரி போனைக் கையில் வைத்து வெறித்துப் பார்த்தார். பிறகு எடுத்துக் காதில் வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டார். கண்ணைத் திறந்ததும் வீட்டுக்குப் பின்பக்கம் போய் ஆற்றைப் பார்த்தார். ஐஸ் கடையின் கல்படி தண்ணீரில் இருந்தது. காலையில் அது முழங்கால் உயரம் வெளியே தெரிந்த படி.

“எல்லாம் கெளம்புங்கடி” என்று அவர் போட்ட சத்தத்தில்தான் குப்பம் எழுந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தண்ணீர் வந்தது. சத்தம் போட்டுக்கொண்டு வரும் என்று நினைத்திருந்தேன். சத்தமே இல்லை. கட்டடத்து மாடியிலிருந்து பார்த்தோம். தெருவில் வெளிச்சம் பரவுகிற மாதிரி பரவியது. வீட்டுக்குள் போய், சன்னலுக்குக் கீழே நின்றது. வலைகள் போயின, சில ஆடுகள் போயின, ஐஸ் கடையின் பெட்டிகள் மிதந்து வந்தன. ஆள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பொக்லைன் மணலை வெட்டியதும் தேங்கிய ஆறு இரைந்துகொண்டு கடலுக்குள் பாய்ந்த சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது. அதுவரை பேசாமல் இருந்த குழந்தைகள் அந்தச் சத்தத்தைக் கேட்டதும்தான் அழுதன.

அப்போது கஸ்தூரியின் போன் மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை யாரும் பின்வாங்கவில்லை. அவர் அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். ஹெலன் சொல்லி முடிக்கும்வரை மாடியில் எல்லோரும் நின்று கேட்டார்கள்.

“பாத்துட்டோம் தாயி” என்று கஸ்தூரி போனிடம் சொன்னார். பிறகு கட்டைவிரலால் ஒன்றை அமுக்கினார்.

போனில் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. நான்கூட அவ்வளவுதான் என்று நினைத்தேன். பிறகு அந்தக் குரல், கொஞ்சம் லேசாகி, வேலை முடிந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர் குரல் மாதிரி சொன்னது. “சரி. பாத்ததுக்கு நன்றி. இனிமே கூப்பிட மாட்டேன்.”

கடைசியில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கும் என்று பிரபாகருக்கே தெரியாது. அவர்தான் ஒன்றை அமுக்கவே இல்லையே.

மறு வாரம் முழுக்க அந்த மெஷினைப் பற்றித்தான் பேச்சு. புதிய மாடலில் கருவியைச் சேர்த்தோம். பழைய கிளவுட் கணக்கில் எந்த ஊரில் எது ஓடுகிறது, யாருடையது, எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று ஒன்று விடாமல் தேடி, ஒவ்வொன்றின் மேலும் ஆள் பேரை ஒட்டினோம். எல்லா ஊர்களையும் திறந்து பார்ப்பது ஜாபரின் பழக்கமாகிவிட்டது. அவர் உங்களைப் போட்டு வறுத்தெடுப்பதற்குக் காரணம் இதுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள். யாருடையது என்று தெரியாத மெஷின் ஓடுவதைக் கண்டால் நீங்கள் உடனே அழித்துவிடவும் கூடாது, கண்டும் காணாமல் போகவும் கூடாது. அது என்ன சொல்கிறது என்று கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள்.

குரலை என்ன செய்வது என்பதுதான் தீராமல் இருந்தது. செத்தவர் குரலில் ஆபீஸ் வேலை நடக்கக் கூடாது, வேறு குரலில் பதியுங்கள் என்றார் இயக்குநர். நியாயம்தான். கஸ்தூரியிடம் உங்கள் குரலில் பதியலாமா என்று கேட்டோம். அவர் மறுத்துவிட்டார்.

“நான் கூப்புட்டா ஐஸ் காசு கேக்குறேன்னு வெச்சிடுவானுங்க சார். அது கூப்புட்டாத்தான் எழுந்து போயி பாப்பாங்க. அதுவே இருக்கட்டும்.”

கடைசியில் பிரபாகரிடம் போனேன். முதுநகரில் அவர் வீட்டில் ஹெலனின் மேசை அப்படியே இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

“கல்யாண வீடியோவுலயும் அவ குரல் இருக்கு சார். அதுல யார்கிட்டயோ பேசிக்கிட்டு இருக்கா. இதுல என்னைக் கூப்புடுறா. அன்னிக்கு முழுக்க நான் கிளாசுக்குப் போவல. அடுத்த கால் வர்றதுக்காக மைதானத்துலயே நின்னேன்” என்றார். “குப்பத்துக்காரங்களுக்கு வேணும்னா இருக்கட்டும். என் நம்பர மட்டும் எடுத்துடுங்க. இல்லன்னா எப்பவும் வெள்ளம் வரட்டும்னு நெனச்சுக்கிட்டு இருப்பேன்.”

ஓய்வு பெறுவதற்கு முன்னால் நான் கையால் செய்த கடைசி வேலை அதுதான். பட்டியலிலிருந்து அவர் எண்ணை எடுத்தேன். ‘பிரபா’ என்று ஹெலன் பதிந்திருந்த அந்த ஒரு சொல்லை அவரிடம் கொடுத்துவிட்டு, மெஷினிலிருந்து அழித்தேன்.

அந்த மெஷின் இன்றைக்கும் சிங்கப்பூரில்தான் ஓடுகிறது. மேலே ஜாபரின் பேர் ஒட்டியிருக்கிறது. இந்த மழைக்கு உங்கள் எண்களையும் அதில் சேர்த்திருக்கிறோம். ஒன்று மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பேர்களை ஹெலன் பதிந்து வைக்கவில்லை. அவர் காலத்தில் நீங்கள் இங்கே இல்லை. அதனால் நீங்கள் போனை எடுத்ததும் பேர் இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் மௌனம் இருக்கும். வைத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு பேசுவார்.